மங்கலான இரண்டாவது கோடு

சட்டைத் தொழிற்சாலையின் மூன்றாவது வரிசையில் அவள் காலர் தைத்தாள். அதனால் எல்லோருக்கும் அவள் காலர்க்காரி. பதினோராவது வாரத்தில் கரு கலைந்தபோது பத்து நாள் விடுப்புக் கொடுத்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்த அன்று பக்கத்து மெஷின் அக்கா, "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டாள். பரவாயில்லை என்றாள். குனிந்து ஊசியில் நூல் கோத்தாள்.

"நாலுலேருந்து ஆறு வாரத்துக்குள்ள பீரியட்ஸ் வந்துடும். முதல் தடவை கொஞ்சம் அதிகமாப் போகலாம், பயப்படாதீங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நாலு வாரம் ஆனது, வரவில்லை. ஆறு வாரமும் கடந்தது. இடையில் ஒரு நாள், அழுது அழுது ஓய்ந்து கணவனை ஒட்டிப் படுத்த நாள், அவள் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு எண்ணுவதை அவளால் நிறுத்த முடியவில்லை.

நாற்பத்தேழாம் நாள் வேலை முடிந்து வரும் வழியில் மருந்துக் கடையில் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கினாள். இரண்டாவது கோடு விழுந்தது. மங்கல்தான், ஆனால் விழுந்தது. வீட்டில் அவர்களோடு இருந்த நாத்தனாரிடம் நீட்டினாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடமாட்டாள்.

"அண்ணி, கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் இருக்கு, கழட்டிப் பார்த்தாலும் இருக்கு. ஃபுல் மார்க்!"

கணவன் டெலிவரி வேன் ஓட்டுபவன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நெஜமாவா?" என்று நாலு தடவை கேட்டான்.

"சனிக்கிழமை டாக்டரைப் பார்த்துட்டு வந்தப்புறம் சொல்லிக்கலாங்க. இப்ப யார்கிட்டயும் வேணாம்."

"சரி, சரி" என்றான். மறுநாளே அவன் அம்மா ஃபோனில் அழைத்து, இந்தத் தடவை பத்திரமாக இருக்கச் சொன்னார். அவன் அசடு வழிந்தான். அவளுக்குக் கோபம் வரவில்லை. மூன்று நாள் அவள் தண்ணீர் வாளியைக்கூடத் தூக்கவில்லை.

நாலாம் நாள் காலை பத்தரை மணி இருக்கும். மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்கு அடிவயிற்றில் இழுத்துப் பிடித்தது. தொடை நனைந்தது. கழிப்பறைக்குப் போக வரிசைக்கு ஒரே ஒரு அனுமதி அட்டை. அது வேறொருத்தியிடம் இருந்தது.

"அந்தப் பொண்ணு வந்துடட்டும்மா. அஞ்சு நிமிஷம்" என்றார் சூப்பர்வைசர்.

உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் நின்றுவிடும் என்று நம்பியதுபோல் கால்களை இறுக்கிக்கொண்டு இன்னும் இரண்டு காலர் தைத்தாள். பிறகு ஏதோ கட்டியாக நழுவியது. எழுந்தபோது ஸ்டூல் சிவப்பாக இருந்தது.

பக்கத்து மெஷின் அக்கா தன் மேல்கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டினாள். சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, "அட்டையை அப்புறம் தேடு. முதல்ல வண்டிக்குச் சொல்லுய்யா" என்று கத்தினாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது புதுக் கர்ப்பம் இல்லைம்மா. போன தடவையோட துணுக்கு கொஞ்சம் உள்ளயே தங்கிடுச்சு. அந்த ஹார்மோன் ரத்தத்துல இருந்ததாலதான் கோடு காட்டியிருக்கு. இப்ப பீரியட்ஸோட சேர்ந்து அதுவும் வெளியே வந்துடுச்சு."

"அப்ப அது பழைய குழந்தையா டாக்டர்?"

டாக்டர் ஸ்கேன் படத்தை மடித்து வைத்தார். "குழந்தை இல்லைம்மா. மிச்சம்."

வேனில் கணவன் சாவியைத் திருகினான், பிறகு எஞ்சினை அணைத்துவிட்டான். "அம்மாகிட்ட சொல்லணுமே" என்றான்.

"சொன்னது நீங்கதானே. நீங்களே சொல்லுங்க."

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவன் முதுகில் கை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கை எழவில்லை.

அடுத்த மாதவிடாய் இருபத்து மூன்றாம் நாளே வந்தது. அதற்கடுத்தது ஐம்பத்திரண்டு நாள் இழுத்தடித்தது. நாள் தள்ளிப்போன காலைகளில் கணவன் வாய் திறந்து கேட்காமல் அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் பார்க்காததுபோல் சாப்பாட்டு டப்பாவை மூடுவாள். நாத்தனார் வீட்டில் வேடிக்கையாகப் பேசுவதை விட்டுவிட்டாள். தொழிற்சாலையில் அவள் நிமிர்ந்தாலே போதும், சூப்பர்வைசர் ஓடிவந்து அட்டையை நீட்டினார். அந்த இரக்கத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பின் சொல்லி வைத்ததுபோல் இருபத்தொன்பதாம் நாள் வந்தது. மறு மாதமும் அப்படியே. அளவாக, முன்பு எப்போதும் வந்ததைப் போல. "எல்லாம் பழையபடி ஆயிடுச்சு. இனிமே கவலையே இல்லை" என்றார் டாக்டர். கணவன் "அப்பாடா" என்று மூச்சு விட்டான்.

வீடு திரும்பியதும் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அழுகைச் சத்தம் கேட்டு நாத்தனார் கதவைத் தட்டினாள்.

"அண்ணி, வலிக்குதா? மாத்திரை தரட்டுமா?"

"வலிக்கல. அதான்... வலிக்கவே இல்ல."

"அப்புறம் ஏன் அழறீங்க?"

"இந்த உடம்புக்கு எல்லாம் மறந்து போச்சு. அப்படி ஒண்ணு வந்து போனதே தெரியாத மாதிரி இருக்கு. கொஞ்ச நாளாவது கெட்டுக் கிடந்திருக்கலாம்."

நாத்தனார் கதவைத் தட்டுவதை நிறுத்தினாள். கதவோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கதவு திறக்கவில்லை.