கிருமியின் பெயர்

எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று கேட்டால் எனக்கு இப்போது குழம்புகிறது. மேஸ்திரி அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்த்தாரா, தரையைப் பார்த்தாரா என்பதும் உறுதியில்லை. ஞாபகம் தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்கிறது. அவர் சொன்ன வார்த்தைகள் மட்டும் மாறவே இல்லை.

கொடிய நோய்க் கிருமிகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் கூடம் அது. எங்கள் வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். உள்ளறையில் செத்த எலிகளையும் அழுக்குக் கூண்டுகளையும் தடித்த பைகளில் கட்டி இழுத்துவந்து, நீராவியில் வேகவைத்த பிறகுதான் வெளியே அனுப்ப வேண்டும். அந்த நீராவிக் கலனை நாங்கள் பாய்லர் என்போம். தலைமுதல் கால்வரை மூடிய உடைக்குள் வியர்வை முதுகு வழியாக இறங்கிக் காலுறையில் தேங்கும். மூக்கு அரித்தால் சொறிய முடியாது. பாய்லர் கதவைத் திறந்தால் முகக் கண்ணாடி வெளுத்துப் பார்வை போய்விடும்.

உள்ளே எப்போதும் இரண்டு பேராகத்தான் போவோம். கையுறை கிழிந்தால் போட்டிருப்பவனுக்குத் தெரியாது. கூட இருப்பவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். என் ஜோடியை எல்லோரும் நெட்டை என்போம்.

"என் பொண்டாட்டிகூட என் கைய இப்படிப் பாத்ததில்லடா" என்பான்.

இந்தக் கூடத்தால் ஊருக்கு என்ன ஆபத்து என்று மதிப்பிட ஒரு குழு வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய வாரம், ஒரு காலையில் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, குழு நடந்து வரப்போகும் பாதையின் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னார்.

"நெட்டை தனியாவாண்ணே?"

"இன்னிக்கு ஒரு நாளுதானே. சமாளிச்சுக்குவான்."

எங்கள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். போனேன்.

சுவர் பாதி முடிவதற்குள் நெட்டை வெளியே வந்தான். கூண்டுக் கம்பி குத்தி இடது கையுறை கிழிந்திருந்தது. கையைக் கழுவிக்கொள்ளச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். குழு வந்து இறங்கியபோது அவனுக்குக் காய்ச்சல். பிறகு மூச்சுத் திணறல். மருத்துவமனையில் டாக்டர் கேட்டது ஒன்றுதான். எந்தக் கிருமி? அது தெரிந்தால்தான் சரியான மருந்து. உள்ளறையில் எந்தக் கிருமி இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. கூடம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் விபத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

குழுவின் தலைவி, நரைத்த தலைமுடிக்காரர், எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார். பக்கத்திலேயே கூடத்தின் இயக்குநர்.

"தனியா யாராவது உள்ள போறதுண்டா?"

மேஸ்திரி என் தோளில் கை வைத்தார். "இல்லீங்கம்மா. அன்னிக்கும் இவன் அவன்கூடத்தான் இருந்தான். எந்தக் கையுறையும் கிழியல."

"நான் வெள்ளையடிச்சிட்டு இருந்தேம்மா" என்றேன்.

இயக்குநர் சிரித்தார். "காய்ச்சல்னு கேட்டதும் பயந்துட்டான், பாவம்."

அந்த அம்மாள் அடுத்த அறையைக் காட்டச் சொன்னார்.

வாசலில் மேஸ்திரியை மறித்தேன். "ஏண்ணே?"

"கூடத்த மூடிட்டா அத்தன பேரு அடுப்பும் அணைஞ்சிடும்டா."

"கிருமி பேரையாவது டாக்டர்கிட்டச் சொல்லச் சொல்லுங்க."

என்னை விலக்கிவிட்டு அவர் குழுவின் பின்னால் போனார். இயக்குநர் எங்களுக்குத் துரோகம் செய்திருக்கவே முடியாது. அவரை நாங்கள் நம்பியதில்லை. துரோகத்துக்கு நம் ஆள் வேண்டியிருக்கிறது.

உடை மாற்றும் அறையில் கூடினோம். மேஸ்திரி வரவில்லை. நெட்டையின் மனைவியையும் குழந்தையையும் மருத்துவமனையில் தனியறையில் வைத்துவிட்டார்கள். போனில் அவள் குரல் கேட்டது. "பேர மட்டும் கேட்டுச் சொல்லுங்கண்ணே."

"நாளையிலேருந்து வேலைய நிறுத்துவோம்" என்றான் ஒருவன்.

உடைகளை வெளுக்கும் சலவைக்கார அக்கா தலையசைத்தாள். "பாய்லர் நின்னா உள்ள கெடக்கறது என்னாகும்? மதிலுக்குப் பின்னாடி நம்ம தெருதான் இருக்கு."

மற்றத் தொழிலாளர்களைப் போல வேலையைப் போட்டுவிட்டு வெளியேறவும் எங்களுக்கு வழியில்லை. கடைசியில் அவளே சொன்னாள்: "உள்ள இருக்கறத வேகவச்சு முடிப்போம். புதுசா எதையும் தொட வேணாம்."

அப்படியே செய்தோம். மறுநாள் காலை ஜோடி ஜோடியாக உள்ளே போய், கடைசிப் பை வரை வேகவைத்துவிட்டு, ஈரத் தலையோடு இயக்குநர் அறைமுன் உட்கார்ந்தோம். மருத்துவமனை டாக்டர் என் போனில் காத்திருந்தார்.

"ஊர் பாதுகாப்போட விளையாடுறீங்க" என்றார் இயக்குநர்.

"பாய்லர் சுத்தமா இருக்கு, போய்ப் பாருங்க சார்" என்றாள் அக்கா. "தனியா மட்டும் போகாதீங்க."

"அவனுக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல்."

"அப்ப பேரச் சொல்றதுல என்ன பயம்?"

உள்ளறையில் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி படியேறி வந்தாள். அதுவரை எங்களிடம் பேசியதே இல்லை. என் கையிலிருந்த போனை வாங்கி, எங்கள் நாக்கில் நிற்காத ஒரு நீளமான பெயரை டாக்டரிடம் இரண்டு முறை சொன்னாள். பிறகு கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நெட்டை பிழைத்தான், மாடிப்படி ஏற முடியாது. மனைவிக்கும் குழந்தைக்கும் ஒன்றும் வரவில்லை. ஆராய்ச்சிக்காரப் பெண்ணை வேலையைவிட்டு நீக்கினார்கள். மேஸ்திரி இப்போது பாதுகாப்பு அதிகாரி. ஊருக்கு ஆபத்து மிகக் குறைவு என்று குழு அறிவித்தது. இயக்குநர் இதைவிடப் பெரிய கூடத்துக்குப் போய்விட்டார். எங்களைத் தற்காலிகமாக நீக்கி வைத்திருக்கிறார்கள். சலவைக்கார அக்காதான் இப்போது சங்கத் தலைவி. மறுபடி மதிப்பிட வேண்டும், எங்களையும் தெருக்காரர்களையும் மேலதிகாரிகள் இல்லாமல் தனியே கேட்க வேண்டும் என்று தெருவே சேர்ந்து கேட்டிருக்கிறது. பதில் வரவில்லை. திங்கட்கிழமை எல்லோரும் மறுபடி கேட்கப் போகிறோம்.