பறப்பதற்கு முன் படம் கூடாது

இரண்டாம் உலகப் போர் வெற்றி நாளன்று மாஸ்கோவில் நாடக அரங்கத்தின் முன், ஆப்பிள் மரத்தடியில், பழைய விமானப் படைப்பிரிவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். வருஷா வருஷம் கூட்டம் கரைந்துகொண்டுதான் வந்தது. பத்திரிகையின் இளம் புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கியதும் ரொடியோன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம். நாலு வருஷம் சண்டை விமானம் ஓட்டினேன், ஒரு படம் எடுத்துக்கல. பறக்கறதுக்கு முன்னாடி படம் எடுத்தா திரும்பி வரமாட்டான்னு எங்க ஆளுங்க சொல்வாங்க."

"இப்ப எங்க பறக்கப் போறீங்களாம்? மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குது!" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள் தைசியா. "இந்த வருஷமாவது உங்க படம் ஒண்ணு எனக்கு வேணும்."

போரில் அவருடைய விமானத்தின் மெக்கானிக் அவள். வாய்த்துடுக்கு அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். ரொடியோன் சிரித்துவிட்டார்.

என்ன நாட்கள் அவை! உறைபனியில் இரும்பைத் தொட்டால் தோல் உரிந்துவிடும். அவளோ வெறுங்கையால்தான் எஞ்சின் திருகுகளை முடுக்குவாள். விடியலில் மேலேறினால் இருட்டும்வரை சண்டை. இறங்கியதும் ஒரு மடக்கு வோட்கா, கருப்பு ரொட்டி, கிளெப்பின் அக்கார்டியன் வாசிப்பு. கிளெப், வானத்தில் அவருக்குப் பின்னாலேயே பறந்து முதுகைக் காத்தவன். தைசியாவைக் கட்டிக்கொள்ள இருந்தவன். அத்தனை பயத்துக்கு நடுவில் அவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வந்ததோ!

ஒருநாள் காலை படம் பிடிக்க ஆள் வந்தபோது கிளெப் அவள் தோளில் கைபோட்டு நின்றான். "ஐயோ, பறக்கற நேரத்துலயா? திரும்பி வந்து எடுத்துக்கலாம், போ!" என்று தள்ளிவிட்டாள். அன்றைக்கு ரொடியோனைப் பின்னாலிருந்து துரத்திய எதிரி விமானத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போனவன் போனவன்தான். படம் எடுக்காமல் போயும் அவன் திரும்பவில்லை.

"கேப்டன்," தைசியாவின் குரல் இறங்கியது. "இப்பல்லாம் அவன் முகம் சரியா ஞாபகம் வரமாட்டேங்குது. ஒரு படம்கூட இல்லாமப் பண்ணிட்டேனே, பாவி. நீங்களும் போயிட்டா அவனைப் பத்திப் பேச எனக்கு யார் இருக்கா? உங்க மூஞ்சியாவது என்கிட்ட இருக்கட்டுமே."

ரொடியோன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. நடுவுல ஒரு ஆள் நிக்கலாம் போல இருக்கே," என்றார் புகைப்படக்காரர்.

"நிக்கிறான், தம்பி," என்றார் ரொடியோன். "நீ எடு."