கரை ஒதுங்கிய சேதி

காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரிமேட்டு ரேடியோ ரூமைக் கட்டிக்கொடுத்தது மேரி. மேரி என்றதும் யாரோ ஒரு புண்ணியவதி அம்மாள் என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் கம்யூன் ஆபீசுக்கு அதுதான் பேர். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போய்விட்டான், பேர் மட்டும் போக மாட்டேன் என்று எங்கள் பக்கத்து வாயிலேயே உட்கார்ந்துவிட்டது.

ரூம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே ஒரு பெட்டி, கூரைமேல் ஒரு ஸ்பீக்கர் கூம்பு, முன்னால் மணல். பெட்டியைப் பார்த்துக்கொள்ள மேரி வைத்த ஆள் மரியசூசை. தலத்தெருக்காரர். சாயங்காலமானால் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவார். "சனங்க கேக்குறதப் போடு" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே மேரியில் சொல்லியிருந்தார்கள். மனுஷன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். நாளுக்கு ஒரு வீட்டு முறை என்று வைத்தார். முறைக்காரர் திருச்சி கேட்டால் திருச்சி, இலங்கை கேட்டால் இலங்கை. ஊர்த்தலைவர் நாட்டாரே வந்து மாற்றச் சொன்னாலும் மாற்ற மாட்டார்.

"முறை அவங்களது. நான் குமிழத் திருகுறவன், அவ்வளவுதாங்க" என்பார். இத்தனைக்கும் சினிமாப் பாட்டென்றால் அவருக்கு வேப்பங்காய். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு போடுவார், ஆனால் போடுவார்.

தையல்நாயகி வீட்டு முறை வந்தால் அவள் புருஷன் பூமிநாதன் கேட்பது இலங்கைதான். பாட்டு வரைக்கும் அவளுக்கும் சரிதான். பாட்டு முடிந்து மரண அறிவித்தல் தொடங்கும் பாருங்கள், அங்கேதான் வினை. இன்ன ஊரைப் பிறப்பிடமாகக் கொண்ட இன்னார் காலமானார் என்று அந்தக் குரல் இழுத்து இழுத்து வாசிக்கும். அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

"கடலுக்குப் போற ஊட்ல உக்காந்து சாவு சேதி கேப்பாங்களா? ஊரான் ஊட்டு எழவு நமக்கு எதுக்கு?"

"அடிப்போடி, அவங்களும் யாரு பெத்த புள்ளைங்களோ" என்பான் பூமிநாதன். அவனுக்குக் கோபமே வராது. அதுவும் அவளுக்கு ஒரு கோபம்.

இப்படி இருக்கையில் நெருக்கடி நிலை வந்தது. பேப்பரில் அங்கங்கே வெள்ளையாகக் கிடந்தது. மேற்கேயிருந்து மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி ஒருநாள் ஜீப்பில் வந்து இறங்கினார். எந்த இலாகா என்று கேட்கிற தைரியம் யாருக்கு இருந்தது? பொது ரேடியோவில் அந்நிய நாட்டு நிலையம் கூடாது என்றார். முள்ளைத் திருச்சியில் நிறுத்திக் குமிழைப் பிடுங்கினார். தண்டில் கம்பி சுற்றி அரக்கு வைத்தார். முறையும் அன்றோடு போயிற்று. ஊரே முணுமுணுத்தது. தையல்நாயகி மட்டும், "நல்லதாப் போச்சு, எழவுச் சத்தம் ஒழிஞ்சிது" என்றாள். வாயைத் திறந்து, நாலு பேர் கேட்கத்தான் சொன்னாள்.

அடுத்த வருஷத்து ஐப்பசியில் வாடைக்காற்று பேயாட்டம் ஆடியது. கடலில் இருந்த கட்டுமரங்கள் எல்லாம் அடித்துப்பிடித்துத் திரும்பின. பூமிநாதனும் இன்னும் இரண்டு பேரும் போன மரம் திரும்பவில்லை. காற்று நின்று, வெயில் அடித்து, மற்ற மரங்கள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியும் திரும்பவில்லை.

நாட்டார் வீட்டில் கூடிப் பேசினார்கள். வருகிற அமாவாசையோடு காரியத்தை முடித்துவிடலாம் என்று அவளிடம் வந்து சொன்னார்கள். காரியம் என்றால் தாலி அறுப்பது. தையல்நாயகி தாலிக்கயிற்றைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அறுத்த பிறகு அந்த மனுஷன் வந்து நின்றால்? திருச்சி ரேடியோ உர மூட்டையைப் பற்றிச் சொன்னது, தலைவர்கள் பேசியதைச் சொன்னது. கோட்டுச்சேரிமேட்டு மரம் ஒன்றைப் பற்றி அது ஏன் சொல்லப்போகிறது?

திடீரென்று அவளுக்குப் பொறி தட்டியது. வாடையில் இழுபட்ட மரம் தெற்கேதான் போகும். அந்தக் கரையில் ஏறியிருந்தால் அந்தக் கரை ரேடியோதானே சொல்லும்!

விழுந்தடித்துக்கொண்டு ரேடியோ ரூமுக்கு ஓடினாள்.

"சூசண்ணே, இலங்கையப் போடுங்க."

மரியசூசை அரக்கைப் பார்த்தார். "தங்கச்சி, இதத் தொட்டா வேலை போயிடும். உள்ள வச்சாலும் வச்சுடுவாங்க. ஊட்ல நாலு புள்ளைங்க."

கெஞ்சலாம், காலில் விழலாம். அவளுக்கு என்னவோ வேறு வார்த்தைதான் வந்தது. "இன்னைக்கி எங்க ஊட்டு முறைண்ணே."

முறையெல்லாம் ஒழிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் முறை முறைதானே. மனுஷன் சிலுவை போட்டுக்கொண்டார். சைக்கிள் பையிலிருந்து குறடை எடுத்தார். அரக்கு பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அன்று சேதி இல்லை. மறுநாளும் இல்லை. அமாவாசைக்கு முந்தின சாயங்காலம், மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. செத்தவர்கள் பேரெல்லாம் வரிசையாக வந்தது. அதே குரல், அதே இழுப்பு. கடைசியாக அந்தக் குரல் சொன்னது: "இந்தியா, காரைக்கால், கோட்டுச்சேரிமேட்டைச் சேர்ந்த பூமிநாதன் மற்றும் இருவர் பருத்தித்துறையில் கரையொதுங்கியுள்ளனர்..."

அவ்வளவுதான். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓவென்று கத்தினார்கள். கோட்டுச்சேரிமேட்டில் உயிருள்ள மனுஷன் கரை ஏறுவான். ஒதுங்குவது பிணம். தையல்நாயகி மணலில் சாய்ந்தாள்.

அந்தக் கூச்சலுக்கு மேலே ஒரு கூச்சல். உள்ளே பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டிருந்த மரியசூசை வாசலுக்கு ஓடிவந்து, "அட வாய மூடுங்கடி! பாவிங்களா, அத முழுசாக் கேளுங்கடி!" என்று அலறினார். அவர் 'டி' போட்டுப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த அதிர்ச்சியில்தான் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள்.

அறிவித்தலை இரண்டு முறை வாசிப்பது அந்த நிலையத்து வழக்கம். என்ன புண்ணியம் செய்தாளோ! "...கரையொதுங்கியுள்ளனர். மூவரும் அங்குள்ள கடற்றொழிலாளர் வீடுகளில் நலமாக இருப்பதை உறவினருக்கு அறியத்தருகின்றோம்."

நலமாக. தையல்நாயகி எழுந்தாள், சிரித்தாள், அழுதாள், மறுபடி உட்கார்ந்தாள். நாட்டார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அமாவாசையைப் பற்றிப் பிறகு யாரும் மூச்சுவிடவில்லை.

பருத்தித்துறைக்காரர்கள் புதுக் கைலியும் சட்டையும் கொடுத்து, தலைமன்னாரில் கப்பலேற்றிவிட, பூமிநாதன் ராமேசுவரம் வழியாக பஸ்ஸில் வந்து இறங்கினான். ஆள் பாதியாக இருந்தான். "ரெண்டு வேளையும் மீன்சொதி ஊத்துனாங்கடி, மகராசங்க" என்றான் முதல் வார்த்தையாக.

சேதி பரவினால் ஜீப்பும் வரும்தானே. வந்தது. அதிகாரி அரக்கு இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இங்க அந்நிய ஸ்டேஷன் போட யார் அனுமதி?"

மரியசூசை முன்னால் வந்து, "ஐயா, நான்தாங்க..." என்று தொடங்கினார். தையல்நாயகி குறுக்கே வந்து நின்றாள்.

"மேரிங்க."

"எந்த மேரி?"

"எங்க மேரிதாங்க. ரூம்பு குடுத்தது, பொட்டி குடுத்தது எல்லாம் மேரி. சனங்க கேக்குறதப் போடுன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டுதுங்க."

"புருஷன் பேரு?"

"மேரிக்கு ஏதுங்க புருசன்?"

அதிகாரி அக்கறையாக எழுதிக்கொண்டார். மணலில் ஒருத்தரும் சிரிக்கவில்லை, எப்படித்தான் அடக்கினார்களோ. அவள் சொன்னதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. கொஞ்ச நாளில், மேரி என்ற பெண்மணியைக் கண்டுபிடித்து விசாரிக்கும்படி மேரிக்கே உத்தரவு வந்தது. அங்கே இருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, தேடுகிறோம் என்று பதில் எழுதினார்கள். தேடி முடிப்பதற்குள் நெருக்கடி நிலையே போய்விட்டது. குமிழ் திரும்பி வந்தது. முறையும் வந்தது.

தையல்நாயகி அதற்கப்புறம் மரியசூசைக்குச் செய்ததைக் கூடப்பிறந்தவள்கூடச் செய்ய மாட்டாள். வலையில் முதலில் ஏறிய நல்ல வஞ்சிரம் அவருக்குத்தான். "எதுக்கும்மா இதெல்லாம்" என்பார். "உங்க கையில என் கழுத்து இருந்துதுண்ணே" என்பாள். மீனை வாங்கிச் சைக்கிளில் மாட்டிக்கொள்வார்.

அவள் வீட்டு முறை மறுபடி வந்த அன்று, பாட்டு முடிந்ததும் பூமிநாதன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "வாடி போவலாம், இனிமே உனக்குப் புடிக்காததுதான் வரும்."

"நீ போ" என்றாள். "எனக்குக் கேக்கணும்."

தெரியாத ஊர், தெரியாத பேர். ஒவ்வொரு பேரும் வரும்போது கையைக் கூப்பினாள். அந்தக் கரையிலும் எவளாவது தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தாள். அவளுக்கு நல்ல சேதி வரட்டும், ரெண்டாம் தடவையாவது வரட்டும் என்று முணுமுணுத்தாள். உள்ளே மரியசூசை காதில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.