அரியலூரில் வண்டி நிற்கும் நேரம்

ரெட்டை விசில் கேட்டுத் திரும்பினார் வைரக்கண்ணு. அவர் இடம் பிடித்து வைத்திருந்த பஸ், அவரை விட்டுவிட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

கையிலிருந்த டீ கிளாஸைக் கடைப் பலகையில் வைத்துவிட்டு ஓடினார். பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் ஓடுவது புதுசில்லை. அதனால் யாரும் வழிவிடவில்லை. பஸ் வாசலை நோக்கி வளையும்போது, முன் கண்ணாடியில் இருந்த 'அரியலூர்' பலகையை எடுத்துத் திருப்பிச் செருகினார் கண்டக்டர். மறுபக்கம் 'துறையூர்' என்று இருந்தது.

அரியலூருக்குப் போகிற பஸ் அல்ல அது. அரியலூரிலிருந்து வந்த பஸ்.

பஸ் வந்து நின்றதும், இருப்பவர்கள் இறங்குவதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ சீட்டில் போட்டுவிட வேண்டும். போட்டவருக்கு சீட்டு. அதை எடுத்துக் கீழே வைக்கிற தைரியம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் வராது. வைரக்கண்ணுவும் அந்த நம்பிக்கையில்தான் பையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

"பெரியவரே, போர்டு பாத்துப் போட மாட்டீங்களா?" என்றாள் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒருத்தி. "நீங்க இங்க நிக்கிறீங்க, ஒங்க பை மட்டும் டிக்கெட் இல்லாம ஊரு பாக்கப் போவுது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வைரக்கண்ணுவுக்குச் சிரிப்பு வரவில்லை. துறையூர் பஸ் குரும்பலூர் வழியாகத்தான் போகும். விடிந்ததும் அவர் டவுன் பஸ்ஸில் வந்த அதே ரோட்டில், அவருடைய வீட்டு வாசலைத் தாண்டித்தான் அந்தப் பை போகும்.

பையில் இருந்தவை, இரண்டு டஜன் கண்ணாடி வளையலும் ஐந்து வகைச் சாதமும். மகள் சண்முகப்பிரியாவுக்கு ஏழாம் மாதம். வீட்டில் கூப்பிட்டு வளைகாப்பு நடத்த வழியில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அறிவுச்செல்வனைத் தானாகவே கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனவள் அவள். அன்றைக்குத் தெருவே கூடி நிற்க வைரக்கண்ணு பேசிய பேச்சை வெளியில் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அப்பனும் மகளும் பேசவில்லை. அம்மா வீராயி மட்டும் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

மகள் இன்று பகல் ரயிலில் சென்னையிலிருந்து திருச்சிக்கு, புருஷன் வீட்டுக்குப் போகிறாள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ஆனால் அரியலூரில் வண்டி இரண்டு நிமிஷம் நிற்கும். அந்த நேரத்தில் வளையலைக் கொடுத்துவிடலாம் என்று வீராயி திட்டம் போட்டாள். குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டிருந்த நிலையிலும், ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஐந்து சாதத்தையும் கிளறினாள். யாரை அனுப்புவது என்று யோசித்தபோது, வைரக்கண்ணுதான் வாயைத் திறந்தார். தான் போவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: மகளிடம் அதைச் சொல்லக்கூடாது. சொன்னால் அவள் கதவுப் பக்கமே வரமாட்டாள் என்று பயந்தார். டி-4 பெட்டிக் கதவில் நின்றால் யாரோ ஒருவர் வந்து கொடுப்பார் என்று மட்டும் வீராயி மகளிடம் சொல்லி வைத்தாள்.

அவர் இப்போது மனைவிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். வாசல் வரைக்கும் போய் பஸ்ஸை மறிக்க அவளால் முடியாது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் வெங்காயம் அறுக்க வயலுக்குப் போய்விட்டார்கள்.

"பை போனா போவுதுங்க. நீங்க போயி புள்ளைய பாத்துட்டு வாங்க" என்றாள்.

அடுத்த அரியலூர் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனார். முன்னால் ஒரு சிமெண்டு லாரி. அதற்கு முன்னால் இன்னொன்று. டிரைவர் ஹாரனை அடித்துப் பார்த்து அலுத்துப்போனார். கண்டக்டரிடம் வைரக்கண்ணு நேரம் கேட்டார், மறுபடியும் கேட்டார். ரயிலைப் பிடிக்கிறவர் முந்தின பஸ்ஸில் வந்திருக்க வேண்டும் என்று கண்டக்டர் சொன்னார். பை துறையூர் போன கதையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அரியலூரில் இறங்கி டவுன் பஸ்ஸில் தொற்றி ஸ்டேஷனுக்கு வந்தபோது, வண்டி வருவதாக ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டி-4 பெட்டி எங்கே நிற்கும் என்று வடைக்காரரைக் கேட்டார். அவர் கடைசிப் பக்கம் கை காட்டினார். அங்கே போய் நின்றார். வண்டி வந்தது. டி-4 அவர் கண் முன்னாலேயே வழுக்கிக்கொண்டு எதிர்முனைக்குப் போய் நின்றது.

வைரக்கண்ணு ஓடினார். இறங்குகிறவர்களைத் தள்ளிக்கொண்டு, ஒரு கையில் வேட்டியும் மறு கையில் காற்றுமாக, ஆட்களுக்கு மேலே தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தபடி ஓடினார். ஒரு செருப்பு கழன்று எங்கேயோ போனது.

டி-4 கதவில் மகள் இல்லை. காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பையன் நின்றான்.

"தம்பி, இங்க புள்ளத்தாச்சிப் பொண்ணு ஒண்ணு..."

"இப்பதான் நின்னாங்க" என்றான் அவன். "உள்ள போயிட்டாங்க."

அவர் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார். பிரியா, பிரியா என்று கூப்பிட்டார். யார் யாரோ எட்டிப் பார்த்தார்கள். வண்டி நகர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் கூடவே போனார். ஒரு போலீஸ்காரர் தோளைப் பிடித்து இழுத்து, சாக வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பிளாட்பாரம் காலியாகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பிப் போய் வீராயியிடம் என்ன சொல்வது? அது தெரியாததால்தான் திருச்சிக்கு டிக்கெட் எடுத்தார். அங்கே மருமகன் வீடு எந்தத் தெரு என்றுகூட அவருக்குத் தெரியாது. பின்னாலேயே வந்த பாசஞ்சரில், ஒற்றைச் செருப்போடு ஏறி உட்கார்ந்தார்.

வீராயி கொடுத்த நம்பருக்கு முதல் முறையாக மகளைக் கூப்பிட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை. சில்லக்குடியில் கூப்பிட்டார். புள்ளம்பாடியில் கூப்பிட்டார். லால்குடி தாண்டி வயலும் வாழையுமாக வந்தபோது போன் எடுக்கப்பட்டது.

"அம்மாடி, அப்பா பேசுறேன்."

அவள் போனை வைப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் அவசர அவசரமாகச் சொன்னார். வளையலையும் சாதத்தையும் சொன்னார். பை துறையூர் போனதைச் சொன்னார். பின்னால் வருகிற வண்டியில்தான் வந்துகொண்டிருக்கிறேன், தூரத்தில் நின்றாவது பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றார். "டி-4 கதவுல நீ நிக்கிறேன்னு அம்மா சொன்னாம்மா. ஓடி வந்து பாத்தா நீ இல்ல."

"நின்னேம்ப்பா" என்றாள் அவள். "நீங்க ஓடியாந்த வேகத்தப் பாத்து, அடிக்கத்தான் வர்றீங்கன்னு பாத்ரூமுக்குள்ள போயி தாப்பா போட்டுக்கிட்டேன், திருச்சி வந்தப்புறந்தான் தொறந்தேன்."