இடுக்கியிலிருந்து வந்த கிறிஸ்துமஸ் மரம்

பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் பைன் மரம் வளராது என்றவர்களை ஸ்டானிஸ்லாஸ் அந்த வருடம் வாயடைக்க வைத்தார். அடுக்குமாடி பால்கனியில், புறாக்கூண்டின் அடியில் இருந்த தொட்டியில், சிந்திய தீனியிலிருந்து ஏதோ முளைத்தது. அரிசி கழுவின தண்ணீரை அவர் மனைவி செசிலியா அதற்கு ஊற்றி வந்தாள். டிசம்பருக்குள் அது கூம்பு வடிவத்தில் அவர் தலையைத் தாண்டிவிட்டது. பிசின் வாசம் வேறு. "அசல் கிறிஸ்துமஸ் மரம் லா" என்று மாதா கோயிலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

செசிலியா அதைத் தொட்டியோடு கூடத்துக்கு நகர்த்தி, விளக்குச் சரம் சுற்றி, பஞ்சை ஒட்டி, உச்சியில் நட்சத்திரத்தைக் குத்தினாள்.

கிறிஸ்துமஸ் அன்று ஓப்பன் ஹவுஸ்; கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து. முதலில் வந்தவன் கீழ்க்கடை ரொட்டி மாஸ்டர் அழகிரி. வேலை பெர்மிட்டில் வந்த இடுக்கி மலைக்காரன். முறுக்கை வாயருகே கொண்டுபோனவன் மரத்தைப் பார்த்து அப்படியே நின்றான்.

"அங்கிள், இது எங்க ஊர் ஆளு."

"எந்த ஆளுடா?"

"கஞ்சா அங்கிள். இடுக்கித் தங்கம்னு சொல்லுவாங்க. ஏலத்தோட்டத்துக்கு மேல, மேகம் படுக்கிற சரிவுலதான் வரும்."

"போடா! இது பைன்."

"பைனுக்கு விரல் விரிச்ச மாதிரி இலை ஏது அங்கிள்?"

ஸ்டானிஸ்லாஸ் இலையைப் பார்த்தார். பிறகு தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். இந்த நாட்டில் இதற்கு என்ன தண்டனை என்று அவருக்குத் தெரியும். அடுத்த விருந்தாளி போலீஸ் சார்ஜன் சாதிக்; லிப்டில் ஏறிவிட்டதாகச் சற்றுமுன்தான் போன் செய்திருந்தார்.

"பாத்ரூம்ல தள்ளுடா!"

"கதவு பத்தாது. பயப்படாதீங்க அங்கிள், இது தனியா மாட்டிக்காது. ஊரைக் கூப்பிட்டுக்கும்."

விளக்குச் சூட்டில் பிசின் இளகியதோ என்னவோ, மரத்திலிருந்து மெல்லப் பனி கசிந்தது. முதலில் சோபா மறைந்தது. காலடியில் டைல்ஸ் ஈரமண்ணாயிற்று. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஓர் ஓடை இறங்கி வர, செசிலியா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கேக்கை ஒரு பாறைமேல் வைத்தாள். சுவர் இருந்த இடத்தில் சரிவு ஏறிக்கொண்டே போனது. எங்கும் ஏலக்காய் மணம். வெளியே மோனோரயில் ஒன்று மேகத்துக்குள் நுழைந்து, வழி கேட்பதுபோல் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

"மெரி கிறிஸ்துமஸ் அங்கிள்! ஏர்கோன் ஜாஸ்தி லா," என்றபடி சாதிக் உள்ளே வந்தார். "ஆன்டி சொன்ன மரம் எங்க?"

சரிவு முழுக்கப் பச்சை. மிளகுக்கொடி, பெரணி, ஏலம், நடுநடுவே அந்தச் செடியின் அண்ணன் தம்பிகள் கூட்டம் கூட்டமாக. ஒவ்வொரு இலையிலும் பனித்துளி மின்ன, விளக்குச் சரம் எதில் சுற்றியிருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது.

"எது அங்கிள் உங்க மரம்?"

ஸ்டானிஸ்லாஸ் நிஜமாகவே தேடிப் பார்த்தார். பொய் சொல்ல அவசியமே ஏற்படவில்லை.

"தெரியலையே சார்ஜன்."

சாதிக் இடுப்பில் கைவைத்து நெடுநேரம் மேலே பார்த்தார். ஒரு செடியென்றால் பிடித்துக்கொண்டு போகலாம். மலையை எந்த லோக்கப்பில் அடைப்பது? தொப்பியைக் கழற்றிப் பாறையில், கேக்கின் பக்கத்தில் வைத்தார்.

"அங்கிள், ஒரு ஸ்வெட்டர் கிடைக்குமா?"

கேமரன் மலைக்குப் போனபோது வாங்கியதை ஸ்டானிஸ்லாஸ் தேடி எடுத்துக் கொடுத்தார். கை கொஞ்சம் குட்டை. சார்ஜன் குறை சொல்லவில்லை.