யோசோ ஊற்றி வைத்த தண்ணீர்

மார்ச் மாதம் வடக்கே பெய்த மழையில் நெடுஞ்சாலை மூன்று இடங்களில் மூழ்கிப்போக, அடிலெய்டிலிருந்து வெகு தூரம் தள்ளிப் பாலைவனத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பல நாட்களாக ஒரு லாரிகூட வரவில்லை. ரொட்டி தீர்ந்தது, பால் தீர்ந்தது. யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பீர் தீரப்போகிறது என்று பேச்சு கிளம்பியபோதுதான் சலசலப்பு வந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டும் நொலீன் பாஸ்கோவுக்குத் தீர்ந்துபோனது மட்டும் வேறு. டிஸ்டில்டு வாட்டர்.

நொலீனுக்கு வயது ஐம்பத்தேழு. தனி ஆள். ஓபல் என்ற ரத்தினக் கல் தோண்டிய பழைய சுரங்கத்தைக் குடைந்து பெரிதாக்கிய வீட்டில் குடியிருக்கிறாள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். இரண்டு வருடம் முன்பு பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது கண் அசந்து, வண்டியைச் சரளைக் குவியலில் ஏற்றிவிட்டாள். பரிசோதித்ததில், தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை அவளுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று தெரிந்தது. அதிலிருந்து இரவு முழுக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் மெஷின் ஒன்று அவள் கட்டிலருகே இருக்கிறது. அதன் பக்கத்தில் செருகிய சின்னத் தொட்டியில், காய்ச்சி வடித்த அந்த டிஸ்டில்டு வாட்டரைத்தான் ஊற்ற வேண்டும். மெஷின் அதைச் சூடாக்கிக் காற்றை ஈரப்படுத்தும். ஈரம் இல்லாவிட்டால் எங்கள் ஊர்க் காற்றுக்கு மூக்கு வெடித்து ரத்தம் வரும்.

அந்த மெஷின் போட்டுத் தூங்கினால்தான் அவள் பேருந்து ஓட்டலாம். டாக்டர் எழுத்தில் கொடுத்த நிபந்தனை அது.

டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்ததும் குழாய்த் தண்ணீரை ஊற்றினாள். எங்கள் குழாய்த் தண்ணீர் கெட்டிலில் என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். ஆறே நாளில் தொட்டியின் அடித்தகட்டில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியது. மூலைகளில் வழவழவென்று ஏதோ படர்ந்தது. மாஸ்க்கில் ஈரத்துணி வாடை வந்தது. வழக்கமாகத் தினமும் காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, சோப்பு போட்டு அலசிக் கவிழ்த்து வைக்கிறவள்தான். ஆனால் பொருக்கு சோப்புக்கு அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பொறுமை போய், கெட்டிலில் கொதித்த தண்ணீரை அப்படியே தொட்டியில் சாய்த்துவிட்டாள்.

பிளாஸ்டிக் என்ன செய்யும்? தொட்டியின் வாய் கோணிவிட்டது. ரப்பர் வளையம் உட்காரவில்லை. அன்றிரவு மெஷின் விசிலடித்தது, தண்ணீர் குழாய்க்குள் ஏறி மாஸ்க்கில் களகளவென்று வந்து முகத்தில் அடித்தது. பிடுங்கி எறிந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே விடிய வைத்தாள். தொட்டி இல்லாமல் ஓட்டுவதற்குத் தனியாக ஒரு பக்கமூடி உண்டாம். அது அவளிடம் இல்லை.

தபால் நிலையம் நடத்துவது நான். புதுத் தொட்டிக்கு அடிலெய்டில் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை மட்டும் மூன்று முறை என் சன்னலுக்கு வந்தாள்.

"வந்துச்சா?"

"ரோடே திறக்கல நொலீன். எல்லாத் தபால் மூட்டையும் வழியில போர்ட் அகஸ்டாவுல கிடக்கு."

"தெரியும். சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டவள் நகரவில்லை. என் மேசைமேல் இருந்த ரப்பர் முத்திரைகளை எடுத்து உயர வாரியாக அடுக்கினாள். பிறகு கலைத்து, வேறு மாதிரி அடுக்கினாள். கண்ணுக்குக் கீழே தோல் நீலம் பாரித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அது நடந்தது. வெளிப் பண்ணைகளிலிருந்து ஏழு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். வழியில் ஆடுமாடு தாண்டாமல் இருக்கச் சாலையின் குறுக்கே பதித்த இரும்புக் கம்பிகள் ஒரு இடத்தில் உண்டு. அதன்மேல் ஏறினால் வண்டி முழுக்கத் தடதடவென்று ஆடும், பிள்ளைகள் ஒரே குரலில் "ஊஊ" என்று கத்துவார்கள். அன்று காலை தூரத்தில் ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தபோதுதான் நொலீனுக்கு உறைத்தது: கம்பிகளைத் தாண்டியாகிவிட்டது. தாண்டியது நினைவில் இல்லை. சத்தம் நினைவில் இல்லை. எட்டு கிலோமீட்டர் எங்கே போனது என்றே தெரியவில்லை.

வண்டியை ஓரங்கட்டினாள். இறங்கி அதைச் சுற்றி வந்தாள். டயரை உதைத்தாள். மறுபடியும் சுற்றினாள்.

"என்ன ஆச்சு மிஸ்?" என்று கண்ணாடியை நகர்த்திக் கேட்டாள் ஒரு சிறுமி.

"நாம கம்பி மேல ஏறினோமா?"

"ஏறினோமே! நாங்க கத்தினோம். நீங்கதான் ஒண்ணுமே சொல்லல."

மீதி வழியைக் கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு, பிள்ளைகளைச் சத்தமாகப் பெருக்கல் வாய்பாடு சொல்லவைத்து, மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டி வந்து சேர்த்தாள். நேராகத் தலைமையாசிரியை பிரிஜெட்டின் அறைக்குப் போய்ச் சாவியை மேசையில் வைத்தாள்.

"நான் ஓட்டக்கூடாது."

"எத்தனை நாளைக்கு?" என்றாள் பிரிஜெட். "நொலீன், உங்களை விட்டா பஸ் ஓட்டுற லைசென்ஸ் இந்த ஊர்ல யாருகிட்டயும் இல்ல."

"அதுக்காகத்தான் ரெண்டு நாளா வாயைத் திறக்காம இருந்தேன். திறந்திருக்கணும்."

பெற்றோர்கள் முறை வைத்துக் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடாயிற்று. ஒருவரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளை இன்னும் அரித்தது. புதன்கிழமை பேருந்தை உள்ளும் புறமும் கழுவினாள். வியாழக்கிழமை மறுபடி கழுவினாள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம், தூங்கினால் மூச்சு நின்றுவிடும் என்ற பயத்தில் நடந்துகொண்டே இருந்தாள். கடைசியில், ஊரில் வேறு யாரிடமாவது அதே மெஷின் இருக்குமா என்று கேட்கப் புறப்பட்டாள்.

அது அவளுக்குச் சுலபமில்லை. தன்னிடம் மெஷின் இருப்பதையே யாரிடமும் சொன்னவளில்லை. மதுக்கடை வைத்திருக்கும் பார்ட்டிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனான்.

"உனக்கு யார் சொன்னது?"

"எது?"

"என்கிட்ட இருக்குன்னு."

அவனிடம் இருந்தது. ஆனால் வேறு மாடல்; தொட்டி பொருந்தவில்லை. "போலீஸ்காரர்கிட்டயும் ஒண்ணு இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லிடாத," என்றான். போலீஸ்காரரிடம் இருந்ததும் வேறு. அவர் பாதிரியாரைக் கைகாட்டினார். ஒரே மத்தியானத்தில் ஐந்து மெஷின்கள் வெளியே வந்தன. ஐந்து பேரும், தன்னைத் தவிர ஊரில் யாரிடமும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

என் சன்னலில் வந்து சாய்ந்து, தன் மெஷின் வந்த பெட்டியின் அட்டையை என் முன்னால் வைத்தாள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. யோசோவுக்கு வந்த பெட்டியை நானே கொடுத்திருக்கிறேன். அதே பெயர், அதே படம்.

யோசோ குரோஷியாவிலிருந்து வந்து நாற்பது வருடம் ஓபல் தோண்டியவர். எட்டு மாதம் முன்பு இறந்துபோனார். அவர் மனைவி ரூஷா நொலீன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன்.

ரூஷா அவளை உட்கார வைத்து, சின்னப் பித்தளைக் கிண்டியில் காப்பி போட்டுக் கொடுத்தாள். முழுக்கக் கேட்டாள். பிறகு, "இருக்கு. தரமாட்டேன்," என்றாள்.

"சரி ரூஷா."

"கோவிச்சுக்காத. அதுல அவர் ஊத்தின தண்ணி இருக்கு."

நொலீனுக்குப் புரியவில்லை. இருந்தாலும் துருவவில்லை. காப்பியைக் குடித்து முடித்து, நன்றி சொல்லி, எழுந்து வந்தாள். என்னிடம் வந்து, "நீ ஏன் என்னை அங்க அனுப்பின?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அன்று எனக்கும் சரியாகத் தூக்கமில்லை.

மறுநாள் காலை, துணி போடும் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரூஷா நொலீன் வீட்டுக் கதவைத் தட்டினாள். கூடைக்குள் மெஷின், அதனடியில் மூடி திறக்காத இரண்டு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர்.

"அன்னைக்குச் சாயந்தரம் தொட்டியைக் கழுவி, கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி, செருகி வச்சிட்டு ஷெட்டுக்குப் போனார்," என்றாள் வாசலில் நின்றபடியே. "அப்புறம் வரவே இல்ல. அங்கேயே விழுந்து கிடந்தார். ராத்திரிக்குன்னு ஊத்தினது அப்படியே இருந்துச்சு. நான் தொடல. நேத்து நீ போனப்புறம் திறந்து பாத்தேன். ஒண்ணுமே இல்ல. எப்பவோ வத்திப்போயிருக்கு. காலித் தொட்டிய வச்சுக்கிட்டு உன்கிட்ட தரமாட்டேன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்."

தொட்டியைத் தூக்கிக் காட்டினாள். பக்கவாட்டில் மங்கலாகச் சின்னச் சின்ன வளையங்கள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய தடம். அடித்தகட்டில் எட்டு மாதத் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது.

"நீயே கழுவு. என்னால ஆகாது. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

நொலீன் தொட்டியைச் சமையலறை சிங்க்குக்குள் வைத்தாள். கெட்டிலுக்குக் கை நீண்டதும் ரூஷா போட்ட சத்தத்தில் குடைந்த சுவரே அதிர்ந்திருக்கும்.

"வெந்நீரா? ஒண்ணைக் கெடுத்தது போதாதா உனக்கு? கை பொறுக்கிற சூடு போதும்! தள்ளு பொண்ணே, தள்ளு!"

ஆகாது என்றவள் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே இறங்கினாள். சூடும் குளிருமாகக் கலந்து மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். பாத்திர சோப்பில் ஒரே சொட்டு. மென்துணியால் மூலைமூலையாகத் துடைத்தாள். ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாக அலசினாள். "நார் போட்டுத் தேய்ச்சா கீறல் விழும், கீறலுக்குள்ள அழுக்கு குடியிருக்கும்பார். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்தா இதுதான் அவருக்கு இன்னொரு பூசை. நான் சிரிப்பேன்." ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்று அளந்து ஊற்றினாள். வீடெங்கும் புளித்த வாடை ஏறியது.

அடித்தகட்டிலிருந்த வெள்ளை விளிம்பிலிருந்து கரைய ஆரம்பித்தது. ரூஷா சற்று நேரம் அதைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். உட்கார முடியாமல் எழுந்தாள். அலமாரியைத் திறந்தாள், மூடினாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"ஊற வேண்டியதுதான். அவசரப்பட்டு எடுத்துடாத. அவர் சொல்லுவார்..."

அவர் என்ன சொல்லுவார் என்பது வரவில்லை. நொலீன் திரும்பிப் பார்த்தாள். ரூஷா தூங்கிவிட்டிருந்தாள். தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, கரகரவென்று குறட்டை. கிழவிக்கு அலுப்பு என்று நினைத்து நொலீன் புன்னகைத்தாள். அந்தக் குறட்டை சட்டென்று நின்றது.

மார்பு எழும்புகிறது, காற்று போகவில்லை. நொலீன் தன்னையறியாமல் எண்ணினாள். பத்து. பதினைந்து. இருபத்திரண்டு. தோளைப் பிடித்து உலுக்கப் போன அந்த நொடியில் ரூஷா தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்ததைப்போல ஒரு பெரும் மூச்சை இழுத்தாள். கண் திறக்கவில்லை. மறுபடி குறட்டை. மறுபடி நின்றது.

தன் வியாதியை நொலீன் அதுவரை காகிதத்தில்தான் பார்த்திருக்கிறாள். மணிக்கு நாற்பது என்று ஒரு எண். அது வெளியிலிருந்து பார்க்க எப்படி இருக்கும் என்று அன்றுதான் கண்டாள். "எட்டு கிலோமீட்டரை இதை வச்சுக்கிட்டுதான் ஓட்டினேன், பின்னால ஏழு பிள்ளைங்க," என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

உலுக்கி எழுப்பினாள்.

"என்ன? எடுத்துட்டியா தொட்டிய?"

"ரூஷா, ராத்திரி திணறித் திணறி எழுந்திருக்கீங்களா?"

"எழுந்திருப்பேன். அவர் போனதுலேர்ந்து. துக்கம்தானே அப்படிப் பண்ணும்."

"காலையில தலைவலி?"

"இருக்கும். அதுவும் துக்கம்தான்."

"முன்னாடி இல்லையா?"

ரூஷா யோசித்தாள். "முன்னாடி அவர் முழங்கையால இடிப்பார். நான் திரும்பிப் படுத்துப்பேன். 'உனக்கும் ஒண்ணு வாங்கணும்டி'ன்னு சொல்லுவார். கிண்டல் பண்றார்னு நினைச்சேன்."

பிறகு ரூஷா எழுந்து, தொட்டியை எடுத்து, வினிகர் வாடை போகும்வரை மூன்று முறை அலசி, வெயில் படாத இடமாகப் பார்த்துத் துண்டின்மேல் கவிழ்த்து வைத்தாள். பிளாஸ்டிக் கண்ணாடிபோல இருந்தது. வளையங்கள் ஒன்றும் இல்லை. அவள் அழவில்லை. நொலீன்தான் அழுதாள்.

அன்றிரவு அந்தத் தொட்டியைத் தன் மெஷினில் செருகி, நொலீன் ஒன்பது மணி நேரம் தூங்கினாள். மறுநாளே சாவியைக் கேட்டுப் போவாள் என்று நான் நினைத்தேன். போகவில்லை. இன்னும் மூன்று இரவுகள் பொறுத்தாள்; தினமும் காலையில் மெஷின் காட்டும் எண்களைத் தாளில் எழுதி, டாக்டரிடம் போனில் வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் பிரிஜெட்டிடம் போனாள். செவ்வாய்க்கிழமை வண்டி ஓடியது.

ரூஷாவை மருத்துவமனை நர்ஸிடம் கூட்டிப் போனதும் அவள்தான். விரலில் மாட்டிக்கொண்டு தூங்கும் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்தார்கள். ரூஷாவுக்கு மணிக்கு ஐம்பத்தொன்று. "உன்னைவிட நான் ஜாஸ்தி," என்று நொலீனிடம் பெருமையாகச் சொன்னாளாம். யோசோவின் மெஷினிலேயே நர்ஸ் அவளுக்குத் தேவையான அழுத்தத்தை மாற்றி வைத்துக் கொடுத்தாள். முகத்துக்குத் தகுந்த மாஸ்க் மட்டும் புதிது. சாலை திறந்து நொலீனின் தொட்டி என் கைக்கு வந்து சேர, யோசோவின் தொட்டி ரூஷாவிடம் திரும்பிப் போயிற்று.

முதல் வாரம் முழுக்கப் புகார்தான். ஒரு நாள் காலை தபால் எடுக்க வந்தவளிடம், "எப்படி இருக்கு ரூஷா?" என்று கேட்டேன்.

"ஒட்டகம் மூஞ்சியில மூச்சு விடுற மாதிரி இருக்கு," என்றாள். கடிதத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "ஆனா நேத்து ஒரு தடவைகூட எழுந்திருக்கல. விடிஞ்சது தெரியல. எழுந்து பாத்தா தொட்டியில பாதித் தண்ணி காணோம். நானா இவ்வளவும் குடிச்சேன்?"

"காத்துல போயிருக்கும்."

"எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, வினிகர் வாங்கக் கடைப்பக்கம் நடந்தாள்.