முப்பத்தாறாம் நாள் தண்ணீர்

இக்ராவுக்குத் தான் செய்த வடிகட்டிச் சவ்வின் மேல் அப்படியொரு கர்வம். உள்ளங்கை அகலம்தான், பார்த்தால் கரி பூசிய காகிதம் என்பீர்கள். அந்தக் கறுப்பு, கிராபீன் ஆக்சைடு. பாக்டீரியா அதில் பட்டால் மேல்தோல் கிழிந்து சாகும். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் கேன் கேனாகக் காவிரித் தண்ணீர் மொண்டு வந்து, கல்லூரி ஆய்வகத்தில் வடிகட்டி வடிகட்டி, நாலு வருடம் மாரடித்துச் செய்த சாமான் அது.

அவளுடைய அத்தா முஜிபுர் ரஹ்மானுக்கு இரண்டு வருடம் முன்னால் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள். கொடுத்தது அம்மா ஷரபுன்னிசா. அதை உடம்பு தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. அதனால் காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டுமே குடிக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அத்தாவுக்கு அது தொண்டையில் இறங்காது. குவைத்தில் இருபது வருடம் வெயிலில் வெந்த மனுஷர், ஊருக்கு வந்தும் பச்சைத் தண்ணீர் ஒரு மடக்கு கிடையாதென்றால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? இக்ரா தென்னூர் வீட்டுக் குழாயில் தன் சவ்வைப் பொருத்தினாள்.

“இனிமே காய்ச்ச வேணாம்மா” என்று அவள்தான் சொன்னாள். அத்தா தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தார்.

சவ்வில் ஒரு குறை உண்டு. செத்த பாக்டீரியா அதன் மேலேயே படிந்துவிடும். கத்தியைத் துணியில் சுற்றி வைத்தால் எதை வெட்டும்? இருபது நாளுக்கு மேல் வருகிறவை சாகாது. அங்கேயே பெருகி, தண்ணீரோடு கீழே இறங்கும். இது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் இக்ராவுக்குத் தெரியும். அவள் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமே அதுதான். அதனால் பதினைந்து நாளைக்கொரு முறை மாற்றிவந்தாள்.

ஜூலையில் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, வைவா, வந்தது. வெளியூர்ப் பரீட்சகர் முன்னால் செய்து காட்ட வேண்டும். கையில் புதுச் சவ்வு ஒன்றே ஒன்று. இன்னொன்று செய்ய ஒரு வாரம் பிடிக்கும். வீட்டுச் சவ்வுக்கு அன்று பதினாறாம் நாள். ‘இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்’ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, புதியதைக் கல்லூரிக்கு எடுத்துப் போனாள். டாக்டர் பட்டம் உறுதியானது. பிரியாணி, வாழ்த்து, ஃபோட்டோ என்று நாள் ஓடியதில் குழாய்ப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. படித்தவள் செய்கிற காரியமா இது?

முப்பத்தாறாம் நாள் அத்தாவுக்கு வயிற்றுப்போக்கும் குளிர்க்காய்ச்சலும் கண்டது. இரண்டு நாளில் கிருமி ரத்தத்தில் ஏறவே, ஐசியூவில் படுக்க வைத்துவிட்டார்கள்.

“தண்ணி காய்ச்சித்தானே குடுத்தீங்க?” என்று டாக்டர் அம்மாவைக் கேட்டார்.

“அதைவிட சுத்தமான தண்ணிங்க. எம்பொண்ணு செஞ்ச ஃபில்டரு. அவளும் இப்ப டாக்டர்தான்.” அந்த நிலையிலும் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது.

டாக்டர் இக்ராவிடம் திரும்பினார். “டெஸ்ட் பண்ணதுதானே?”

“பண்ணிருக்கேன் சார்.”

பொய் இல்லை. அதுதான் கொடுமை.

“கிட்னி போயிடுச்சும்மா. உயிர் தங்குனாலும் இனிமே டயாலிசிஸ்தான்” என்றார் டாக்டர். அம்மாவின் கை தானாக இடது விலாவுக்குக் கீழே தழும்பின் மேல் போய் நின்றது. அழவில்லை. “அல்லாஹ்வோட நாட்டம்” என்றாள். இக்ராவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அல்லாஹ்வை எதற்கு இழுக்க வேண்டும்? சவ்வை மாற்றாமல் விட்டது இவள்தானே. சொல்லிவிட வாயெடுத்தாள். அதற்குப் பதில் அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். அத்தாவின் உதடு வெடித்துக் கிடந்தது. இரண்டு ஸ்பூனுக்கு மேல் கூடாது என்று சொல்லி நர்ஸ் டம்ளரை நீட்டினாள். ஆஸ்பத்திரியில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். முதல் ஸ்பூன் நாக்கில் பட்டதும் அத்தா முகம் சுளித்தார்.

“உன் தண்ணி குடும்மா.”

இக்ரா அந்தப் பக்கம் திரும்பி நின்று, அதே டம்ளரிலிருந்து ஒரு ஸ்பூன் மொண்டாள்.

“இந்தாங்க அத்தா, என் தண்ணிதான்.”

அவர் உடனே வாயைத் திறந்தார். அவள் கொடுத்தால் எதையும் குடிப்பார். அந்த முப்பத்தாறு நாளும் அப்படித்தான் குடித்தார்.